ஒளியின் படியெடுப்பு: பெரிய மார்க்கெட்டும் இருட்டறையும்

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்திருக்கிறது பெரிய மார்க்கெட். 1963, 1964 ஆம் ஆண்டுகளில் புதுவையின் முதலமைச்சராக விளங்கிய எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்று அது ஏடுகளில் குறிக்கப்படும். ஊர்மக்கள் வாயிலோ அது என்றும் பெரிய மார்க்கெட்தான். பூக்கடைகளின் ஈரமணம், மளிகைக் கடைகளின் மல்லி மிளகாய் நெடி, மீன் விற்கும் பெண்களின் கூவல், சுமை தூக்குவோரின் 'வழி வழி' என்னும் குரல் இவையெல்லாம் கலந்த ஓர் உலகம் அது.

அதற்கு அருகிலேயே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பைத் தமிழுலகம் நன்கறியும். அந்நாட்குறிப்பு எவ்வாறு பிழைத்தது என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. பிள்ளையவர்கள் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், 1846-இல், கலுவா மொம்பிரான் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டறிந்து படியெடுத்தார். அரியேல் என்பார் எடுத்த வேறொரு படி பாரிசிலுள்ள தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. பின்னர் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. படியெடுத்த கைகள் இல்லாதிருந்தால், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் குரலில் எவ்வளவு நமக்குக் கிட்டியிருக்கும்?

ஒன்று நிலைத்திருக்க இரண்டு வேண்டும். அது படியெடுக்கப்பட வேண்டும். எடுத்த படி உறுதியான பொருளின்மேல் அமைய வேண்டும். இவ்வுண்மை எழுத்துக்கு மட்டும் உரியதன்று, ஒளிப்படத்துக்கும் உரியது. டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தை நெகட்டிவாக மாற்றி, பழைய இருட்டறையில் வெள்ளி உப்புத் தாளில் பதிக்கும் முறை ஒன்று இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. அம்முறையின் பொருளும் பயனும் பெரிய மார்க்கெட்டை முன்னிறுத்தி நோக்குவார்க்கு நன்கு விளங்கும்.

ஏன் பெரிய மார்க்கெட்? சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் அதனை இடித்துப் புதிதாகக் கட்டும் முயற்சி எழுந்தபோது, 2020-களின் முற்பகுதியில் அங்குள்ள வியாபாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். புதுப்பித்தல் தேவை என்பார் ஒரு பக்கம். பிழைப்பும் பழமையும் அழியும் என்பார் ஒரு பக்கம். அவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. ஒன்று மட்டும் உறுதி: கட்டடங்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. கடற்கரையில் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற மேரி என்னும் நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிய கட்டடம் எழுந்து 2021-இல் திறக்கப்பட்டது. கட்டடத்தை மீண்டும் கட்டிவிடலாம். மார்க்கெட்டின் ஒரு மூலையில் நாற்பது ஆண்டுகள் அமர்ந்து மீன் நறுக்கிய ஒரு பெண்ணின் முகத்தை எந்தப் பொறியாளர் மீண்டும் கட்டுவார்?

ஒளிப்படக் கலையின் தோற்றமே இந்தப் படியெடுக்கும் சிக்கலோடு பிணைந்தது. 1839-இல் பிரான்சில் தகேர் வெளிப்படுத்திய முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம் கிடைக்கும். அதற்குப் படி கிடையாது. இங்கிலாந்தில் டால்பட் கண்ட வழி வேறு. தாளில் முதலில் வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் தலைகீழாய்ப் பதியும்; அதிலிருந்து வேண்டுமளவு நேர்ப்படங்கள் எடுக்கலாம். தலைகீழ்ப் படத்துக்கு நெகட்டிவ் என்றும் நேர்ப்படத்துக்குப் பாசிட்டிவ் என்றும் பெயரிட்டவர் வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல். ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஹைப்போவின் இயல்பை 1819-இலேயே கண்டறிந்தவரும் அவரே. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் இரண்டு தலைமுறையாக உச்சரித்து வந்த 'ஹைப்போ' என்னும் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு நெடிய வரலாறு உண்டு.

தமிழகத்துக்கு இக்கலை விரைந்து வந்தது. 1857, 1858 ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், மெழுகூட்டிய தாள் நெகட்டிவ்களில் மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களைப் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்துக்கும் மேற்பட்ட ஒரே படமாக்கினார். கல்லில் வெட்டிய தமிழெழுத்தை வெள்ளியில் படியெடுத்த அருஞ்செயல் அது.

பின்னர் ஊருக்கு ஊர் ஸ்டூடியோக்கள் தோன்றின. திருமணம், வளைகாப்பு, காதுகுத்து, ஏன், இறந்தாரை நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்த கடைசிப் படம்வரை குடும்பங்களின் வாழ்வு அந்தச் சிவப்பு விளக்கு அறைகளில் பதிந்தது. அதற்குரிய தாளும் ஃபிலிமும் ஒரு காலத்தில் நம் நீலகிரியிலேயே உருவாயின. 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1967 முதல் உதகமண்டலத்தில் உற்பத்தி செய்தது. 'இந்து' என்னும் வணிகப் பெயரைப் பழைய ஸ்டூடியோக்காரர்கள் இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். வண்ணப்படமும் பிறகு டிஜிட்டலும் வந்தபின் அந்நிறுவனம் நலிந்து மூடப்பட்டது. உலகிலும் இதே நிலைதான். 2005-இல் கோடாக் நிறுவனம் கறுப்பு வெள்ளைத் தாள் உற்பத்தியை நிறுத்தியது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு 2004-இல் நொடித்து, மறு ஆண்டே அதன் ஊழியர்களுள் சிலரால் மீட்கப்பட்டது.

இருட்டறைகள் மூடப்பட்டபோது அங்கிருந்த நெகட்டிவ்களின் கதி என்னாயிற்று? பல ஊர்களில் அவை வெள்ளி எடுப்போருக்கு எடைக்குப் போயின. கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டன. எஞ்சியவற்றைப் பூஞ்சை தின்றது. இந்த அழிவின் நடுவே, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து சோயி ஹெட்லி முதலியோர் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியுடன் 2010-களில் தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்தனர். 1880 முதல் 1980 வரையிலான அப்படங்கள் டிஜிட்டல் படிகளாகக் காக்கப்பட்டுள்ளன. பெயர் தெரியாத ஒரு தாத்தாவும் பாட்டியும் அத்திட்டத்தால் இரண்டாம் பிறவி எடுத்தனர் எனலாம்.

ஒரு நெகட்டிவின் வலிமை எத்தகையது என்பதற்கு அதே நிறுவனமே சான்று. 1955-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் மறு ஆண்டு முதலே தென்னகக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்க்கத் தொடங்கியது. அத்தொகுப்பு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டது. அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் கோயிலின் நடராசரும் விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரரும் களவாடப்பட்டு ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களில் இருந்தமை தெரியவந்தபோது, அவை நம் கோயில்களுக்கே உரியவை என்று காட்டியவை அத்தொகுப்பின் பழைய படங்கள். 2014-இல் இரு திருமேனிகளும் தாயகம் திரும்பின. யாரோ ஒருவர் என்றோ கருவறைப் பக்கம் நின்று எடுத்த படம் கடல் கடந்து சாட்சி சொல்லியது.

இனி டிஜிட்டல் படத்தின் நிலைக்கு வருவோம். இன்று பெரிய மார்க்கெட்டுக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. ஒரு நாளில் எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் எத்தனை ஐம்பது ஆண்டு கழித்து எஞ்சும்? கைப்பேசி தொலைந்தால் போயிற்று. வன்தட்டு பழுதானால் போயிற்று. கோப்பைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழிந்தாலும் போயிற்று. ஓலைச்சுவடி செல்லரித்தாலும் பாதி எழுத்தாவது மிஞ்சும். டிஜிட்டல் கோப்பு கெட்டால் பெரும்பாலும் முழுவதும் கெடும். மறுபுறம், எத்தனை முறை படியெடுத்தாலும் சற்றும் தேயாத தன்மை அதற்கே உண்டு. எண்ணற்ற படி தரும் ஆற்றல் அதனிடம் இருக்கிறது. தாங்கும் உடல்தான் இல்லை. நன்கு பதித்து நன்கு கழுவிய வெள்ளித் தாளுக்கோ நூறாண்டு தாங்கும் உடல் உண்டு. இவ்விரண்டையும் இணைப்பதே டிஜிட்டல் நெகட்டிவ்.

அம்முறை எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஒரு காட்சியால் விளக்கலாம். பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் காலை ஒன்பது மணிக்கு ஒரு புகைப்படக்காரர் நிற்கிறார் என்று கொள்வோம். கூரையின் இடைவெளி வழியே ஒரு கற்றை வெயில் விழுகிறது. வஞ்சிர மீனின் செதில்களில் அது பளீரிடுகிறது. அதற்கு இரண்டடி தள்ளி, நிழலில், அரிவாள்மணைக்குப் பின்னே ஒரு பெண்மணியின் முகம். செதிலைக் காட்டினால் முகம் கரியாகும். முகத்தைக் காட்டினால் செதில் வெளிறிப்போகும். பழைய இருட்டறையில் இச்சிக்கலைக் கையால் தீர்த்தனர். என்லார்ஜரின் ஒளிக்குக் கீழே விரல்களால் நிழல் காட்டி முகத்தைக் காத்தும், அட்டைத் துளையின் வழி கூடுதல் ஒளி தந்து செதிலைக் கருக்கியும் ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியே உருவாக்கினர். ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது.

டிஜிட்டல் நெகட்டிவ் முறையில் இந்த ஒளிப் பங்கீடு கணினியில் ஒருமுறை நிதானமாகச் செய்யப்படுகிறது. பிறகு படம் தலைகீழாக்கப்பட்டு, ஒளிபுகும் ஃபிலிமில் இங்க்ஜெட் பிரிண்டரால் அச்சிடப்படுகிறது. மை படிந்த பக்கம் தாளின் வெள்ளிப் பூச்சைத் தொட்டிருக்க வேண்டுமாதலால், முன்கூட்டியே படத்தை இடவலம் மாற்றிவிட வேண்டும். மறந்தால் மார்க்கெட்டின் கடைப்பலகைகளில் தமிழெழுத்துகள் கண்ணாடியில் கண்டவைபோல் திரும்பி நிற்கும். இருட்டறையில் தாளின்மேல் நெகட்டிவை வைத்து, கனத்த கண்ணாடியால் அழுத்தி, சில நொடிகள் ஒளி காட்டுவர். நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. பின்பு வழக்கமான தொட்டிகள்: டெவலப்பர், அமிலக் குளியல், ஹைப்போ, ஓடும் தண்ணீர். சிவப்பு விளக்கின்கீழ் வெள்ளைத் தாளில் முதலில் அரிவாள்மணையின் கருமை தோன்றும். பிறகு புடவைக் கரை. கடைசியில் அந்தப் பெண்ணின் கண்கள்.

இதிலுள்ள இடர்களையும் சொல்லியாக வேண்டும். கணினித் திரையில் தெரியும் சாம்பல் நிறங்களும் வெள்ளித் தாள் ஏற்கும் சாம்பல் நிறங்களும் ஒன்றல்ல. ஆகவே வெண்மையிலிருந்து கருமைவரை இருபத்தொரு அல்லது முப்பத்தொரு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையை முதலில் அச்சிட்டு, இருட்டறையில் பதித்து, எந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிவின்றிப் போகின்றன என்று பார்த்து, அதற்கேற்பக் கணினியில் திருத்தம் செய்ய வேண்டும். தாளை மாற்றினாலும் மையை மாற்றினாலும் இந்தச் சோதனையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்ய வேண்டும். வழவழப்பான வெள்ளித் தாள் சிறு குறையையும் மறைக்காது. பிரிண்டரின் மைப்புள்ளிகளும் கோடுகளும் அதில் தெரியக்கூடும். புதுவையின் கடற்காற்று ஈரத்தில் மை காயச் சுணங்கும்; காயாத நெகட்டிவைத் தாளில் வைத்தால் இரண்டும் பாழ். டெவலப்பருக்கு உரிய வெப்பம் இருபது டிகிரி; சித்திரை மாதத்தில் குழாய்த் தண்ணீரே முப்பதைத் தொடும். தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்தும், நேரத்தைக் குறைத்தும், நள்ளிரவில் வேலை செய்தும் நம் ஸ்டூடியோக்காரர்கள் சமாளித்த அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. முதியவர்களின் கைகளில் மட்டுமே இருக்கிறது. கணினி கற்ற இளைஞரும் கை கற்ற முதியவரும் ஒரே மேசையில் சேர்ந்தாலன்றி இம்முறை நம்மிடம் வேரூன்றாது.

உலக அரங்கில் இவ்விணைப்பு புதிதன்று. அமெரிக்கரான டேன் பர்க்ஹோல்டர் 1995-லேயே டிஜிட்டல் நெகட்டிவ் செய்முறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அண்மையில், 2025-இல் மறைந்த பிரேசில் நாட்டுப் பெருங்கலைஞர் செபாஸ்தியாவோ சல்காடோ இதற்குச் சிறந்த சான்று. தன்பாத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை 1989-இல் படமெடுத்தவர் என்ற வகையில் அவர் நமக்கும் அணுக்கமானவர். 2013-இல் வெளியான 'ஜெனிசிஸ்' தொகுப்புக்காக உலகைச் சுற்றியபோது, விமான நிலையங்களின் எக்ஸ்ரே சோதனையால் ஃபிலிம் கெடுவது அவருக்குப் பெருந்தொல்லையாயிற்று. 2008-இல் டிஜிட்டலுக்கு மாறினார். ஆனால் வெள்ளித் தாளைக் கைவிட அவர் மனம் ஒப்பவில்லை. டிஜிட்டல் கோப்புகளிலிருந்து நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிம் நெகட்டிவ்கள் உருவாக்கப்பட்டு, பாரிசில் இருட்டறைப் பிரதிகள் எடுக்கப்பட்டன. இங்க்ஜெட் பிரிண்டரின் வேலை அங்கே இல்லை. ஆயினும் நோக்கம் ஒன்றே.

தமிழ் படித்தார்க்கு இம்முறையைப் பதிப்புக் கலையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டார், பாடபேதங்களை ஆராய்ந்தார், ஒரு பாடத்தை உறுதி செய்தபின்னரே அச்சுக்குக் கொடுத்தார். டிஜிட்டல் நெகட்டிவும் அவ்வாறே. கணினிமுன் அமர்ந்து செய்யும் வேலை பாடத்தை உறுதி செய்தல். இருட்டறையில் செய்வது அதனை அச்சேற்றுதல். பழம் கண்ணாடித் தகடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். விரிசல் கண்ட ஒரு தகட்டை மீண்டும் மீண்டும் கண்ணாடியின்கீழ் அழுத்துவது அதனைக் கொல்வதாகும். ஒருமுறை வருடி எடுத்து, அதிலிருந்து புதிய நெகட்டிவ் செய்துவிட்டால், மூலத்துக்கு ஓய்வு. குடும்பத்தாருக்குப் புதிய பிரதி.

பதிப்பாசிரியருக்குரிய நேர்மை இங்கும் வேண்டும். கணினியில் எதையும் நீக்கலாம், எதையும் சேர்க்கலாம். இது டிஜிட்டல் காலத்துக் குற்றம் மட்டுமன்று. டிரைப்பே தம் நெகட்டிவ்களில் முகில்களைத் தூரிகையால் வரைந்தவர்தான். அவர் வரைந்த முகிலால் கோயிலின் வரலாறு மாறவில்லை. ஆனால் மார்க்கெட்டின் படத்தில் தொங்கும் மின்கம்பியையும், ஒழுகும் கூரையையும், தரையில் தேங்கிய தண்ணீரையும் அழகுக்காக அழித்துவிட்டால், அது யாருடைய மார்க்கெட்? சிரீபுரந்தான் நடராசரின் படத்தை எடுத்தவர் அழகுக்காக எதையேனும் மாற்றியிருந்தால், அப்படம் சாட்சி சொல்லியிருக்குமா? ஒளியைச் சமன் செய்வது பதிப்பு. உண்மையை அகற்றுவது இடைச்செருகலினும் தீது.

'இவ்வளவு தொல்லை எதற்கு? பிரிண்டரிலேயே நேரே அச்சிட்டால் ஆகாதா?' என்று கேட்பார் உண்டு. கேட்பதில் பிழையில்லை. நல்ல மையும் நல்ல தாளும் கொண்டு எடுக்கும் அச்சுப் பிரதிகளும் நெடுநாள் நிற்கும். வெள்ளித் தாள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருக்கிறது, விலை மிகுதி. தண்ணீர்ச் செலவும் உண்டு. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்குமாதலால் அதனைச் சாக்கடையில் ஊற்றுவதும் தகாது. ஆகவே எல்லாப் படத்துக்கும் இது ஏற்றதன்று. ஆயிரம் படம் எடுப்பவர் பத்தைத் தேர்ந்தால் போதும். அந்தத் தேர்வே இம்முறையின் பெரும்பயன் எனலாம். எதை நிலைநிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் கட்டாயத்தை இருட்டறை உண்டாக்குகிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் யாரும் வேண்டாததைப் படியெடுக்கவில்லை.

பெரிய மார்க்கெட்டின் பூக்கட்டும் விரல்கள், தராசுத் தட்டின் தேய்ந்த விளிம்பு, விடியலில் சாக்குமூட்டைமேல் உறங்கும் சுமைத் தொழிலாளி, மீன்கடைப் பெண்மணியின் வெற்றிலைச் சிரிப்பு இவை எல்லாம் தேர்வுக்கு உரியவை. மாளிகைக்காரரான ரங்கப்பிள்ளை தம் காலத்தைத் தாமே எழுதிவைத்தார். பக்கத்து மார்க்கெட்டின் மீன்காரிக்கு நாட்குறிப்பு இல்லை. அவளுக்காக எழுத வேண்டியது ஒளி. அதனைப் படியெடுத்து உறுதியான தாளில் ஏற்றி, அவள் வீட்டுச் சுவரில் ஒன்றும் ஆவணக்காப்பகத்தில் ஒன்றுமாக வைப்பது இன்றைய புகைப்படக்காரர்களின் கடமை. அதற்கு ஓர் அறையும், ஒரு சிவப்பு விளக்கும், கைத்தொழில் அறிந்த ஒரு முதியவரும் இன்னும் கிடைக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே தொடங்கவேண்டிய வேலை இது.